நாயுடுவின் கணக்கு

திருப்பூர் என்று சொன்ன மாத்திரத்தில் தேசபக்தர்களின் நினைவுக்கு வருபவன் குமரன். 1932 ஜனவரியில் கொடி பிடித்த கையோடு தடியடி பட்டு விழுந்து, மறுநாள் உயிர் நீத்த அந்த இளைஞனுக்கு நாம் ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்துகிறோம். செலுத்த வேண்டியதும் கடமையே. வியாபாரிகளின் நினைவுக்கு வருவது பனியன். இவ்விரண்டு நினைவுகளுக்கும் இடையில் அகப்படாமல் போன ஒருவர் உண்டு. அவரும் இதே திருப்பூரில் பருத்தித் தொழில் செய்து பொருள் தேடினார். தேடிய பொருளைப் பம்பாயில் இழந்தார். இழந்த பிறகே உலகம் அறியும் மனிதரானார். கோயமுத்தூர் ஜி. டி. நாயுடுவைத்தான் சொல்லுகிறோம்.

நாயுடுவைக் குறித்து நம்மிடையே வழங்கும் கதைகள் அநேகம். அவற்றுள் பெரும்பாலானவை அவரை ஓர் அற்புத மனிதராகக் காட்டுகின்றன. படிப்பில்லாதவர் யந்திரம் செய்தார், கையில் காசில்லாதவர் கம்பெனி நடத்தினார் என்று கேட்டு நாம் வியக்கிறோம். வியந்தபின் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஒருவரை அற்புத மனிதர் என்று சொல்லிவிடுவதில் ஒரு சௌகரியம் உண்டு. அவரைப் பின்பற்றும் பொறுப்பு நம்மை விட்டு நீங்கிவிடுகிறது. நம்முடைய அபிப்பிராயம் வேறு. அவருடைய வாழ்க்கையில் அற்புதம் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. கிரமமும் கணக்குமே அதிகம். அந்தக் கிரமம் எங்கே அவருக்குக் கை கொடுத்தது, எங்கே கைவிட்டது என்பதைப் பொது வேலையில் ஈடுபட்டோர் கவனித்துப் பார்ப்பது நலம்.

சூலூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893-ஆம் ஆண்டு மார்ச்சு 23-ஆம் தேதி துரைசாமி பிறந்தார். தந்தை கோபாலசாமி நாயுடு நிலபுலம் உள்ள குடியானவர். தாயாரைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. அவரையும் பள்ளிக்கூடத்துக்குப் பிடிக்கவில்லை. வாத்தியாரின் கண்ணில் மண்ணை வீசிவிட்டு ஓடிய கதையை நேயர்கள் கேட்டிருப்பார்கள். தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்றது. தோட்ட வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளை அங்கே எழுத்துக்கூட்டித் தமிழ்ப் புத்தகங்களைத் தாமே வாசிக்கக் கற்றார்.

அக்காலத்தில் அந்தப் பக்கத்துக்கு வந்துபோன வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் ஒருவரிடம் மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. மாடும் குதிரையும் இழுக்காமல் தானே ஓடும் அந்த வண்டியைக் கண்ட கிராமத்தார் எல்லோரும் அதிசயித்தார்கள். துரைசாமியும் அதிசயித்தார். மற்றவர்கள் வீடு திரும்பினார்கள். இவரோ அதை வாங்குவது என்று நிர்ணயித்துக்கொண்டார். ஆசை யாருக்கும் வரும். நாம் கவனிக்க வேண்டியது அதற்கு அடுத்த படி. வண்டிக்குச் சில நூறு ரூபாய் வேண்டும். தோட்டத்தில் அந்தப் பணம் கிடைக்காது. தகப்பனாரிடம் கேட்டுப் பெறும் காரியமும் அல்ல. ஆகவே அவர் கோயமுத்தூருக்குப் போய் ஒரு ஹோட்டலில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார்.

நிலமுள்ள வீட்டுப் பிள்ளை, பிறர் உண்ட இலையருகே நின்று சாம்பார் வாளி தூக்குவதை அக்காலத்துக் குடியானவக் குடும்பங்கள் எப்படி மதித்திருக்கும் என்பதை நாம் விவரிக்கத் தேவையில்லை. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஹோட்டலில் வேலை செய்பவனுக்குச் சாப்பாட்டுச் செலவு கிடையாது. கூலியில் பெரும்பகுதி கையில் நிற்கும். ஊரில் வேறு நூறு வேலைகள் இருக்க, பணம் மிஞ்சும் வேலை இது. சுமார் மூன்று வருஷம் இப்படிச் சேர்த்து, தாம் கண்ணால் கண்ட அந்த வண்டியையே அந்தத் துரையிடமிருந்து விலைக்கு வாங்கினார். 1912-ஆம் வருஷத்து மாதிரியான ரட்ஜ் என்னும் இங்கிலீஷ் வண்டி அது.

வாங்கியவர் அதில் ஏறி ஊர்வலம் வந்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் அதைப் பிரித்தார். ஒவ்வொரு திருகாணியையும் கழற்றி, எது எதோடு சேர்ந்தது என்று பார்த்து, மறுபடியும் பூட்டினார். மூன்று வருஷக் கூலியைத் தரையில் பரப்பிவைத்துப் பார்ப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பதைக் கூலி வாங்கிப் பிழைத்தவர்கள் அறிவார்கள். பூட்டத் தெரியாமல் போயிருந்தால் மூன்று வருஷமும் பாழ். அந்த நாட்களில்தான் அவர் மெக்கானிக் ஆனார்; பிற்காலத்து நாயுடு அந்தப் பிரித்த சாமான்களின் நடுவிலிருந்துதான் எழுந்தார் என்று நாம் கருதுகிறோம். அவர் தமக்கென்று ஏற்படுத்திக்கொண்ட முறை முழுவதும் இந்த ஒரு சம்பவத்தில் அடங்கிவிடுகிறது. வேண்டியது ஒன்றே என்று குறித்துக்கொள்வது. அதன் விலையைத் தெரிந்துகொள்வது. அந்த விலையைத் தரக்கூடிய வேலையைத் தேடுவது. கைக்கு வந்தபின் அதைப் பிரித்து அறிவது.

பிறகு திருப்பூர். சேமிப்பையும் சிநேகிதர்களின் உதவியையும் முதலாகக் கொண்டு அங்கே பருத்தி அரைக்கும் ஆலை ஒன்றை அவர் தொடங்கினார். இந்தக் காலத்துத் திருப்பூரைப் பார்ப்பவர்களுக்கு அந்தக் காலத்துத் திருப்பூர் தெரியாது. பனியன் தொழில் அங்கே வேர் பிடித்தது 1925-ஐ ஒட்டித்தான். அதற்கு முன் அவ்வூருக்குப் பெருமை தந்தது விதையோடு வரும் பருத்தி. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கத்துக் கரிசல் காட்டிலும் கிணற்றுப் பாசனத் தோட்டத்திலும் விளைந்த பருத்தி, முக்கியமாக இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து நிலைத்த கம்போடியா ரகம், வண்டி வண்டியாகத் திருப்பூருக்கு வரும். அங்கே கொட்டை நீக்கி, பஞ்சைப் பொதியாக அழுத்தி, ரயிலில் ஏற்றுவார்கள். கொட்டை மாட்டுக்குத் தீவனமாகப் போகும். ரயில் நிலையம் பக்கத்தில் இருந்ததும், வண்டிப்பேட்டைகள் இருந்ததும் ஊரின் அதிர்ஷ்டம்.

முதல் உலக யுத்தத்தின் காலத்தில் பஞ்சுக்கு ஏற்பட்ட கிராக்கியில் நாயுடுவின் ஆலைக்கு நல்ல லாபம் கிடைத்தது. பருத்தி அரைக்கும் யந்திரம் அவருக்குப் பிடிபட்ட விஷயம். பல் தேய்ந்தால் தெரியும், உருளை சூடேறினால் தெரியும். மணங்குப் பருத்திக்கு இவ்வளவு பஞ்சு இறங்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துக் குறைந்தால் காரணம் தேட முடியும். லாபம் கண்டவர் அதோடு நிற்கவில்லை. பம்பாய்க்குப் போய்ப் பெரிய அளவில் பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். திருப்பூரில் சேர்த்ததெல்லாம் அங்கே போயிற்று.

இந்தத் தோல்வியை அவருடைய சரித்திரம் எழுதுபவர்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். நாம் அப்படிக் கடக்க விரும்பவில்லை. பம்பாயில் பருத்தியின் விலையைத் தீர்மானித்தது பருத்தி மூட்டை அல்ல. லிவர்ப்பூலிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் வரும் தந்தி. கையால் தொட்டுப் பார்க்கவோ, கழற்றிப் பூட்டவோ, அதில் ஒன்றும் இல்லை. அந்தச் சந்தையில் பரம்பரையாகப் பழகிய பெரிய வியாபாரிகளே திண்டாடிய காலம் அது. மோட்டார் சைக்கிளை வாங்கியதும் பிரித்துப் பார்த்த அதே மனிதர், பிரித்துப் பார்க்க முடியாத ஒன்றில் தம் முதலைப் போட்டார். அவருடைய முறை தவறியதாக நாம் நினைக்கவில்லை. அவர் அம்முறையை அங்கே கையாளவே இல்லை.

கோயமுத்தூருக்குத் திரும்பியவருக்கு ஆதரவு தந்தவர் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை. 1888-இல் கோயமுத்தூரின் முதல் நூற்பாலையை ஏற்படுத்திய அந்த வெள்ளைக்கார முதலாளி, நாயுடுவின் கைத்திறனை மதித்து, பணத்தைத் தவணையில் செலுத்தும்படி ஒரு பஸ்ஸைக் கொடுத்தார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த பஸ் ஓடிற்று. ஓட்டியவர் நாயுடுவே. பொள்ளாச்சி சந்தைக்குப் போகும் வியாபாரியும் பழனி மலைக்குப் போகும் பக்தனும் வருஷம் முழுவதும் நடமாடும் பாதை அது. ரயிலோ அப்போது அந்தப் பாதைக்கு வரவில்லை. தைப்பூசமும் பங்குனி உத்திரமும் வந்தால் கூட்டத்துக்குக் குறைவில்லை. இடத்தைத் தேர்ந்ததிலேயே கணக்குத் தெரிகிறது.

ஒரு பஸ் பல பஸ் ஆயிற்று. யு. எம். எஸ். என்று மூன்று எழுத்தில் ஜனங்கள் அழைத்த அந்தக் கம்பெனி சில வருஷங்களுக்குள் ஒழுங்குக்கும் திறமைக்கும் நாடெங்கும் பெயர் பெற்றது. ஓட்டுவது, பழுது பார்ப்பது, கட்டணம் வாங்குவது ஆகிய மூன்றையும் முதலாளி தம் கையால் செய்து பார்த்திருந்தார். ஆகையால், எந்த ஓட்டியும் அவரிடம் வண்டியின் மேல் பழி போட்டுத் தப்ப முடியவில்லை. பம்பாயில் இழந்த பணத்தை அவர் பொள்ளாச்சி ரஸ்தாவில் மீட்டார் என்று சொல்லலாம்.

இங்கே நமது காங்கிரஸ் சரித்திரத்திலிருந்து ஒன்றைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. நாயுடு பஸ் கம்பெனியை வளர்த்துக்கொண்டிருந்த அதே வருஷங்களில், 1924 டிசம்பரில், மகாத்மாவின் தலைமையில் பெல்காமில் கூடிய காங்கிரஸ், அங்கத்தினர் ஒவ்வொருவரும் மாதத்துக்கு 2000 கெஜம் நூல் தர வேண்டும் என்று விதித்தது. கை தூக்கி ஆதரித்தவர்கள் ஏராளம். நூல் வந்து சேர்ந்ததோ சொற்பம். அடுத்த வருஷம் செப்டம்பரில் பாட்னாவில் அந்த விதியைத் தளர்த்தி, நூலுக்குப் பதில் நாலணா சந்தா கொடுத்தாலும் போதும் என்று மாற்ற வேண்டியதாயிற்று. அந்த 1925-இல் ஏற்பட்ட அகில பாரத சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டு வேலைக்குத் திருப்பூரே தலைமை ஸ்தானமாக விளங்கிற்று. நாயுடு யந்திரப் பிரியர். ராட்டை அவருடைய வழி அல்ல. ஆயினும் மகாத்மா கேட்டதும் ஒரு கணக்கைத்தான். தினமும் எத்தனை கெஜம் என்று எண்ணிப் பார்த்தால், தன் பிரதிக்ஞை எவ்வளவு மெய் என்பது அவனவனுக்கே தெரிந்துவிடும். தடியடி படவும் சிறை போகவும் அஞ்சாத நமது தொண்டர்களில் எத்தனையோ பேர், தினம் அரைமணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து நூற்க முடியாமல் தோற்றார்கள். ஒருநாள் தியாகத்தைவிட நாள்தோறும் செய்யும் கிரமம் கடினமானது போலும்.

1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் நீலகிரியிலிருந்து இறங்கி வந்தது. கோயமுத்தூர் ஜில்லாவின் ஆலைகளுக்கும் கிணறுகளுக்கும் அதனால் உயிர் வந்தது. திருப்பூர் பனியன் யந்திரங்களுக்கும் பிறகு அதுவே ஆதாரமாயிற்று. மின்சாரம் நம்முடையது, அதை வேலையாக மாற்றும் மோட்டாரோ சீமையிலிருந்து வரவேண்டும் என்ற நிலை. 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து பீளமேட்டில் நாஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் என்னும் தொழிற்சாலையில் மின்சார மோட்டார் செய்யப்பட்டது. இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மோட்டார் என்று அதைச் சொல்லுகிறார்கள். பலருக்கு வியப்பூட்டியது டார்ச் லைட்டுக்குப் போடும் பாட்டரியால் ஓடும் ராசண்ட் என்னும் அவருடைய க்ஷவரக் கருவி. நமக்கு மோட்டாரே பெரிதாகத் தோன்றுகிறது. கவலையேற்றம் இறைத்துத் தோள் கன்றிய கொங்கு நாட்டுக் குடியானவனுக்குக் கிணற்றடியில் ஒரு மோட்டார் என்ன செய்தது என்பதை இன்றும் அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, மோசடிக்கு இடம் தராத வாக்குப் பதிவு யந்திரம் என்று அவர் செய்தவற்றை அடுக்கிக்கொண்டு போவதில் பயனில்லை. 1941-இல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். ஐரோப்பா சென்று, 1936-இல் ஐந்தாம் ஜார்ஜின் இறுதி ஊர்வலத்தைச் சினிமாப் படம் பிடித்தார். காந்தியடிகள், நேரு, சுபாஷ் போஸ் ஆகியோரைப் படம் பிடித்த அதே காமிராவோடு ஹிட்லரையும் போய்ப் பார்த்தார். யந்திரத்தை நாடிப் போகிறவர் அதை நடத்துபவன் எத்தகையவன் என்று கேட்பதில்லை. அவரிடம் நாம் காணும் குறைகளில் இது ஒன்று.

இன்னொரு குறையையும் சொல்லிவிட வேண்டும். 1945-இல் அவருடைய முயற்சியாலும் கொடையாலும் கோயமுத்தூரில் பாலிடெக்னிக்கும், அதைத் தொடர்ந்து இஞ்சினீயரிங் கல்லூரியும் ஏற்பட்டன. மகத்தான காரியம். ஆனால் அதற்கு இடப்பட்ட பெயர் ஆர்தர் ஹோப். 1940 முதல் 1946 வரை சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவர் அவர். 1942-இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் நம் தொண்டர்கள் சிறைகளை நிரப்பியது அவருடைய ஆட்சியில்தான். தமிழன் கொடுத்த பணத்தில் எழுந்த கல்லூரிக்கு அந்தப் பெயர் வேண்டியிருந்ததா? சர்க்காரின் தயவு இல்லாமல் கல்லூரி நடவாது என்று நாயுடு கணக்குப் போட்டிருக்கலாம். அந்தக் கணக்கும் பலிக்கவில்லை. இஞ்சினீயரிங் கல்விக்கு நாலு வருஷம் வீண், இரண்டு வருஷம் போதும் என்பது அவர் கொள்கை. சர்க்கார் அதை ஏற்கவில்லை; அவர் கல்லூரித் தலைவர் பதவியை விட்டு விலகினார். கவர்னர் பெயரும் பிறகு நீங்கி, அது அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி ஆயிற்று.

இரண்டு வருஷம் போதும் என்று அவர் சொன்னது சரியா என்பது தனிக் கேள்வி. மூன்று வருஷக் கூலியில் வண்டி வாங்கிச் சில நாட்களில் அதன் மர்மத்தை அறிந்தவருக்கு எந்தப் படிப்பும் நீளமாகவே தோன்றும். எல்லோரும் நாயுடு அல்ல என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை என்றே நமக்குப் படுகிறது.

சுதந்தரம் வந்த பின்னும் சர்க்காரோடு அவர் போராட்டம் ஓயவில்லை. 1952-இல் இருவர் அமரும் சிறு மோட்டார் கார் ஒன்றை 2000 ரூபாய் விலையில் செய்து காட்டினார். உற்பத்திக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. கார் அத்தோடு நின்றது. ஸ்வதேசி என்று சொல்லி ஆட்சிக்கு வந்த நமது சர்க்கார், ஸ்வதேசிக் காரை முளையிலேயே நிறுத்தியது என்பதை எழுதும்போது நமக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. வரிவிதிப்பை எதிர்த்து, தாம் அரும்பாடுபட்டுச் செய்த கருவிகளைப் பலரும் பார்க்க அவரே உடைத்துப் போட்டதும் அந்த 1950-களில்தான். பிரித்தால் பூட்டியே தீருவேன் என்றிருந்தவர், பூட்ட முடியாதபடி உடைத்தார்.

அவர் சட்டசபைக்கு நின்றும் பார்த்தார். 1936-ஐ ஒட்டிய மாகாணத் தேர்தலில் தோற்றார். அரசாங்கம் என்பதும் ஒரு யந்திரமே. அதன் பல்சக்கரங்கள் காரியாலயங்களிலும் கமிட்டிகளிலும் ஓட்டுப் பெட்டிகளிலும் இருக்கின்றன. பஸ்ஸைப் பழகியதுபோல அதையும் பல வருஷம் பொறுமையாகப் பழகியவர்களுக்கே அது இணங்கும். பம்பாயிலும் சென்னையிலும் டில்லியிலும் அவர் ஒரே காரணத்தால் தோற்றார் என்று நாம் நினைக்கிறோம். தனி மனிதனின் ஒழுங்கு அவன் கைக்கு எட்டும் பொருள்வரை செல்லும். அதற்கு அப்பால் செல்ல, கூட்டாக வேலை செய்யும் மனிதர்கள் தேவை. அந்தக் கார் ரஸ்தாவுக்கு வந்திருக்க வேண்டுமானால், கோயமுத்தூரிலும் திருப்பூரிலும் உள்ள தொழிலாளரும் முதலாளிகளும் ஒரே குரலில் கேட்டிருக்க வேண்டும். கேட்பாரில்லை. இது நாயுடுவின் குறை மாத்திரம் அல்ல, அரசியல் வேலை செய்யும் நம்முடையதும்தான்.

இன்றைய திருப்பூரில் சனிக்கிழமை மாலை வாரச் சம்பளம் வாங்கிக்கொண்டு கம்பெனி வாசலில் வரும் இளைஞர்களைப் பாருங்கள். தஞ்சையிலிருந்தும் தேனியிலிருந்தும், பீகாரிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் வந்து, ஓவர்லாக் யந்திரத்திலும் கட்டிங் மேஜையிலும் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்பவர்கள். அவர்களில் மோட்டார் சைக்கிள் வேண்டாதவன் இல்லை. நாயுடுவைப்போல் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கொஞ்சம் முன்பணம் கட்டினால் அன்றைக்கே வண்டி கிடைக்கும், மீதி மூன்று வருஷத்துக்குத் தவணை. காலம் அதே மூன்று வருஷந்தான். முன்பு வண்டிக்காக உழைத்தான். இப்போது வண்டி வந்தபின் அதன் கடனுக்காக உழைக்கிறான். ஆர்டர் குறைந்து வேலை நின்ற மாதத்தில் பைனான்ஸ்காரன் வந்து வண்டியை எடுத்துப் போகிறான். தவணையை நாம் குறை சொல்லவில்லை. நாயுடுவின் முதல் பஸ்ஸும் தவணையில் வந்ததே. ஆனால் அந்த பஸ் தன் தவணையைத் தானே சம்பாதித்தது. வாங்கும் பொருள் அதன் கடனைத் தீர்க்குமா என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்க்க இந்த இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவர் யார்? தொழிற்சங்கங்கள் போனஸுக்குப் போராடுகின்றன, போராட வேண்டியதுதான். வாரத்தில் ஒரு மாலை சங்கக் காரியாலயத்தில் வரவு செலவுக் கணக்கு எழுதப் பழக்கினால் அதுவும் சங்க வேலையே. தையல் யந்திரத்தில் உட்கார்ந்திருப்பவன் அதைக் கழற்றிப் பூட்டக் கற்றுக்கொண்டால், டெய்லர் கூலியிலிருந்து மெக்கானிக் கூலிக்கு ஏறலாம். இவற்றுக்குப் பெரிய மூலதனம் ஒன்றும் வேண்டாம்.

நாயுடு தம் கடைசிக் காலத்தில் தோட்டத்தில் பருத்தியையும் பப்பாளியையும் வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். 1967-இல் தொழிற்பொருட்காட்சி ஒன்றை நிலையாக அமைத்தார். 1974 ஜனவரி 4-ஆம் தேதி காலமானார். அந்த ரட்ஜ் வண்டி இன்றும் கோயமுத்தூரில் காட்சிக்கு இருக்கிறது. 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட அவிநாசி சாலை மேம்பாலத்துக்கு அவர் பெயரை இட்டிருக்கிறார்கள். திருப்பூர் செல்லும் பனியன் கம்பெனி லாரிகளும் தவணை மோட்டார் சைக்கிள்களும் அதன்மேல் ஓடிக்கொண்டிருக்கின்றன.